டிரையருக்குள் உன் கையெழுத்து

இன்று காலை போர்வை எடுக்க அலமாரியைத் திறந்தேன். கருகிய துணியின் வாசனை வந்தது. இஸ்திரிப் பெட்டியைச் சட்டையின் மேல் வைத்துவிட்டு மறந்துபோனால் வருமே, அந்த வாசனைதான். கீழ்த்தட்டில் உன் மகள் பவித்ரா விட்டுச் சென்ற யூனிஃபார்ம் சட்டை மடித்து வைத்திருந்தது. காலர் பழுப்பேறி, சட்டைப் பைக்கு மேல் 'ஸ்டோர்ஸ்' என்று தைத்த எழுத்துகள் சுருங்கிப் போயிருந்தன. செல்வி அதை இரண்டு தடவை துவைத்துவிட்டாள். வாசனை போகவில்லை. தூக்கிப் போடவும் அவளுக்கு மனம் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

இறந்துபோன நண்பனுக்கு எழுதுகிறவர்கள் கூடிச் சிரித்த நாளைச் சொல்லி, அவன் குணத்தைப் புகழ்ந்து, கண்ணீரோடு முடிப்பார்கள். அப்படி எழுதும் யோக்கியதை எனக்கு இல்லை. ஷிஃப்ட் மாறும்போது உன்னிடம் சொல்லியிருக்க வேண்டிய ஒரு சேதியை மூன்று வருஷம் கழித்து எழுதிக்கொண்டிருக்கிறேன். உனக்குக் கோபம் வந்தால் வரட்டும். வர வேண்டியதுதான்.

இந்த டிரையர் உனக்கு நினைவிருக்கும். ஓசூரில் தூறல் பிடித்தால் வாரக் கணக்கில் விடாது. வீட்டுக்காரர் மொட்டை மாடிக்குப் பூட்டுப் போட்டு வைத்திருந்தார். ஈர யூனிஃபார்மோடு காலை ஷிஃப்டுக்குப் போய் எனக்கு இருமல் பிடித்தபோது, "பெங்களூர்ல ஒரு வீட்ல டிரையர் விக்கிறாங்களாம், வாடா போலாம்" என்று இழுத்துக்கொண்டு போனது நீதான். அந்த அம்மாவிடம் கன்னடத்தில் குழைந்து குழைந்து பேசி, மெஷினோடு சேர்த்துக் காற்றுக் குழாயையும் சும்மாவே வாங்கிவிட்டாய். அத்திப்பள்ளி தாண்டும்வரை டெம்போவின் பின்னால் டிரையரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நாட்றாம்பாளையத்துக்காரன் நீ, சாத்தூர்க்காரன் நான். "உங்க ஊர்ல துணி காயறதுக்கு மெஷினா? வெளிய போட்டா துணியே பொரிஞ்சிடுமே" என்று வழியெல்லாம் கிண்டல் செய்தாய்.

பவித்ரா எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தாள் என்று சொல்ல வேண்டும். நீ போன அடுத்த வருஷம் கருணை அடிப்படையில் என்று சொல்லி அவளுக்கு ஸ்டோர்ஸில் வேலை கொடுத்தார்கள். கருணை என்ற அந்தச் சொல்லை ஆர்டரில் பார்த்ததும் தாளை மடித்து அவளிடமே கொடுத்துவிட்டேன். உத்தனப்பள்ளியில் இருக்கும் உன் வீட்டிலிருந்து ஏழு மணி ஷிஃப்டுக்கு வர வேண்டும். நடுவில் சானமாவுக் காடு. யானை இறங்கினால் பாரஸ்ட்காரர்கள் ரோட்டை மறித்துவிடுவார்கள். மழை மாதங்களில் அவள் இங்கேயே தங்கட்டும் என்று செல்விதான் கேட்டு அழைத்து வந்தாள். "மாமா, மாமா" என்று வீடெல்லாம் அவள் குரல்தான். அந்த மாமாவும் கூச்சமில்லாமல் "என்னம்மா" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

கம்பெனியில் மாதத்தின் முதல் திங்கட்கிழமை சேஃப்டி மீட்டிங். காலை ஏழேகாலுக்கு எல்லோரையும் கேன்டீனில் உட்கார வைத்து, திரையில் படம் காட்டிப் பேசுவார்கள். உன் விபத்து அதில் ஆறாவது படம். நாலாம் நம்பர் மோல்டிங் மெஷினின் பேனல் திறந்திருக்கிறது. உள்ளே ஒரு சாம்பல் நிற ஒயர். அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே உன் பெயர், அதற்கும் கீழே, 'பாதுகாப்பு சுவிட்சைத் தானே பைபாஸ் செய்ததால் உயிரிழந்தார்.' வேலைக்குச் சேர்ந்த மாதமே பவித்ரா அதைப் பார்த்தாள். அன்று இரவு சாப்பாட்டின்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எங்கப்பா பண்ண தப்ப நான் பண்ண மாட்டேன் மாமா." நான் ரசம் ஊற்றச் சொன்னேன்.

ஐந்து வாரத்துக்கு முன் ஒரு ஞாயிறு காலை. ஸ்டாக் கணக்கு எடுக்கிறார்கள் என்று அவள் ஊருக்குப் போகாமல் இங்கேயே இருந்தாள். செல்வி அடுப்பங்கரையிலிருந்து கத்தினாள். "என்னங்க, டிரையர்ல என்னமோ தீயுது!" பின்பக்க பால்கனிக்கு ஓடி, சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கதவைத் திறந்தேன். சூடு முகத்தில் அடித்தது. பவித்ராவின் சட்டைகள் இரண்டும் உள்ளே கிடந்தன. ஒன்று தப்பித்தது. இன்னொன்றுதான் அலமாரியில் இருப்பது.

மெஷினைச் சுவரிலிருந்து இழுத்தேன். பஞ்சு வடிகட்டியை உருவிப் பார்த்தேன், பரவாயில்லை. பின்பக்கக் காற்றுக் குழாய் சுவரில் நசுங்கி, உள்ளே பஞ்சு தலையணை உறை நிரம்பும் அளவுக்கு இருந்தது. சூட்டுக்குக் காரணம் அது. ஆனால் குழாய் அடைத்தாலும் துணி கருகக் கூடாது. சூட்டை அளந்து, சூடாக்கும் காயிலை அணைத்துப் போடும் தெர்மோஸ்டாட் என்று ஒன்று இருக்கிறது. அதுவும் போனால், கடைசிக் காவலாகத் தெர்மல் ஃபியூஸ் என்று ஒன்று. அளவு மீறினால் அது அறுந்து காயிலுக்குப் போகும் கரண்டை நிறுத்திவிடும். இரண்டுமா வேலை செய்யாமல் போகும் என்று யோசித்துக்கொண்டே பின் தகட்டின் திருகுகளைக் கழற்றினேன். பவித்ரா குளியலறை முக்காலியைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்துகொண்டாள். "நானும் பாக்கறேன் மாமா. எங்கப்பா இருந்தா எனக்குக் கத்துக் குடுத்திருப்பாரு" என்றாள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, நீ சொல்லிக் கொடுத்தபடியே இஸ்திரிப் பெட்டியின் அடித்தகட்டில் வைத்தேன். சூடேறியதும் உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம் வர வேண்டும், மீட்டரில் இணைப்பு அறுந்ததாகக் காட்ட வேண்டும். சத்தம் வரவில்லை. இணைப்பு அறவில்லை என்று மீட்டர் விடாமல் கீச்சிட்டுக்கொண்டே இருந்தது. உள்ளே காண்டாக்ட் ஒட்டிக்கொண்டுவிட்டது. சரி, ஒன்று தெரிந்துவிட்டது, ஃபியூஸ் ஏன் காப்பாற்றவில்லை என்று டார்ச்சைக் காயில் பெட்டிக்குத் திருப்பினேன்.

வெள்ளை ஒயர்களுக்கு நடுவே மஞ்சள் ஒயர் ஒன்று. ஃபியூஸின் இரண்டு முனைகளையும் நேராகச் சேர்த்துக் கட்டியிருந்தது. அதில் நூலால் முடிந்து, தகட்டின் குளிர்ந்த பக்கத்தில் ஒரு அட்டைச் சீட்டு தொங்கியது. இந்த மூன்று வருஷமும் அது அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. நான் சுத்தமாக மறந்துவிட்டிருந்தேன்.

நீ அதைப் போட்ட நாள் உடனே கண்முன் வந்தது. அதுவும் ஒரு தூறல் காலம். டிரம் சுற்றியது, சூடு வரவில்லை. மத்தியானம் வந்து தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, கால் மணி நேரத்தில் ஃபியூஸ் போய்விட்டது என்று கண்டுபிடித்தாய். "ஓசூர்ல இது கெடைக்காது. பெங்களூர்லதான் வாங்கணும். அதுவரைக்கும் ஜம்பர் போட்டுட்றேன்" என்றாய். குழாயிலிருந்த பஞ்சையெல்லாம் கைவிட்டு எடுத்துச் சுத்தம் செய்தாய். பிறகு பையிலிருந்து பேரிங் டப்பா அட்டையை எடுத்து, கத்தரித்து, மார்க்கர் பேனாவால் எழுத ஆரம்பித்தாய்.

"வீட்டு மெஷினுக்கு எதுக்குடா சீட்டு? இங்க யாரு வந்து ஆடிட் பண்ணப் போறான்?" என்று சிரித்தேன்.

"ஜம்பர் போட்டவன் மறந்துடுவான்டா. திறந்து பாக்கறவனுக்குத் தெரியணுமில்ல? நாளைக்கி நானே திறந்தாலும் எனக்கே தெரியணும்."

"அட்டை டாக்டர் பிரிஸ்கிரிப்ஷன் எழுதிட்டாருடி, காபி கொண்டு வா" என்று செல்வியைக் கூப்பிட்டேன். நீயும் சிரித்தாய்.

அட்டை டாக்டர். உனக்கு அந்தப் பேர் வைத்ததே நான்தான். பாதுகாப்பு சுவிட்சை வேலை செய்யவிடாமல் ஒயரால் இணைத்துவிடுகிற பைபாஸ் என்ற ஒன்றே கம்பெனிச் சட்டப்படி கிடையாது. கிடையாத பொருளுக்கு ஃபாரமும் கிடையாது, டேக்கும் கிடையாது. ஆனால் லைன் நிற்கக் கூடாது. ஆகவே எல்லா ஷிஃப்டிலும், எல்லா மெயின்டனன்ஸ்காரன் சட்டைப் பையிலும் இரண்டு பக்கமும் தோலுரித்த ஒயர்த் துண்டு ஒன்று இருக்கும். கையில் கிடைத்த ஒயரைப் போட்டு, மெஷினை ஓட்டிவிட்டு, லாக் புத்தகத்தில் 'நார்மல்' என்று எழுதிவிட்டுப் போவோம். நீ ஒருவன்தான் மஞ்சள் ஒயரைத் தவிர வேறு ஒயர் போட மாட்டாய். எங்கள் பேனல்களில் மஞ்சள் கிடையாது, திறந்ததும் கண்ணில் குத்தும். சீட்டு கட்டாமல் கதவை மூடவும் மாட்டாய். அதற்காக உன்னை எத்தனை கிண்டல் செய்திருக்கிறோம். கோழை என்றுகூடச் சொல்லியிருக்கிறோம்.

பவித்ரா கையை நீட்டிச் சீட்டைத் திருப்பினாள்.

"இது அப்பா எழுத்து."

"ஆமாம்மா."

அவள் சத்தமாகப் படித்தாள். "தற்காலிகம். தெர்மல் ஃபியூஸ் பைபாஸ். மெஷின் ஓடும்போது ஆள் பக்கத்தில் இருக்கணும். புது ஃபியூஸ் வந்ததும் எடுக்கணும். போட்டது..." கீழே உன் கையெழுத்து. தேதியைப் பார்த்து விரல் விட்டு எண்ணினாள். நீ இறப்பதற்குப் பதினோரு நாள் முன்பு. புது ஃபியூஸ் வாங்கப் பெங்களூர் போக உனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கிடைத்தது, அன்றும் டபுள் ஷிஃப்ட் போட்டுவிட்டார்கள்.

"வீட்டு மெஷினுக்கே எழுதிக் கட்டியிருக்காரு பாருங்க" என்றாள். குரலில் ஒரு சந்தோஷம். அப்பாவைப் பற்றி ரொம்ப நாளைக்கப்புறம் அவளுக்கு நல்லதாக ஒன்று கிடைத்திருந்தது. எனக்கும் உன்னைப் பற்றிப் பெருமையாக ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. வாய் முந்திக்கொண்டது.

"அவன் எப்பவுமே அப்படித்தாம்மா. சீட்டு இல்லாம ஜம்பர் போடவே மாட்டான்."

"எப்பவுமா?"

"எப்பவும்."

அவள் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "அப்போ அந்தப் படத்துல ஏன் சீட்டு இல்ல மாமா?"

கேன்டீன் திரையில் மாதாமாதம் பார்க்கிற படம். அதில் இருப்பது இல்லாதது எல்லாம் அவளுக்கு மனப்பாடம். அந்த இடத்தில் ஒரு மனுஷன் உண்மையைச் சொல்லியிருப்பான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கீழ விழுந்திருக்கும்மா, அன்னிக்கு அங்க ஒரே கூட்டம்" என்றேன். கூசாமல் சொன்னேன்.

"ஒயரும் மஞ்சள் இல்லையே. சாம்பல் கலர்."

டார்ச் என் கையில் எரிந்துகொண்டே இருந்தது. அதை அணைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. "அது நான் போட்டது" என்றேன்.

அவளிடம் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன். அன்று எனக்கு முதல் ஷிஃப்ட். பன்னிரண்டு மணிவாக்கில் நாலாம் நம்பர் மெஷினின் கதவு சுவிட்ச் தகராறு செய்தது. கதவு மூடியிருந்தும் திறந்திருப்பதாகக் காட்டி மெஷின் நின்று நின்று போனது. ஷிஃப்ட் இன்சார்ஜ் வந்து தலைமேல் நின்றார். "டிஸ்பாட்ச் வண்டி வெளிய நிக்குது. பைபாஸ் போட்டு ஓட்டு, அப்புறம் பாத்துக்கலாம்." சட்டைப் பையில் சாம்பல் ஒயர் இருந்தது. போட்டேன். சீட்டு கட்டவில்லை. அட்டை கத்தரிக்கிற வேலையெல்லாம் உன் வேலை என்று நினைத்தேன். லாக் புத்தகத்தில் என்ன எழுதினேன் என்று உனக்குத் தெரியும். எல்லோரும் எழுதுவதைத்தான்.

மூணு மணிக்கு நீ வரவில்லை. ஆள் மாறும்வரை இருந்து நேரில் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பது வழக்கம். நான் இருக்கவில்லை. கேட்டில் ஃபோனை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறும்போது நீயே கூப்பிட்டாய்.

"டேய், சானமாவுல யானை நிக்குதுடா. குட்டியோட ஏழெட்டு. வண்டிய நிறுத்திட்டாங்க, நான் வர லேட்டாவும். எதனா இருக்குதா?"

டிரைவர் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பசி. ஜன்னல் சீட்டு கிடைக்குமா என்ற கவலை வேறு.

"ஒண்ணும் இல்லடா. நார்மல்தான்" என்றேன்.

"சரி, நீ கிளம்பு" என்றாய்.

நீ என்னிடம் பேசிய கடைசி வார்த்தை அது. ஐந்து மணிவாக்கில் மோல்டில் பீஸ் மாட்டிக்கொண்டது என்று உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மெயினை அணைத்துப் பூட்டுப் போட்டுவிட்டுத்தான் உள்ளே கை விட வேண்டும் என்பது சட்டம். அப்படிச் செய்தால் திரும்ப சூடேற்ற ஒரு மணி நேரம் ஆகும் என்று யாரும் செய்வதில்லை. நீயும் செய்யவில்லை. கதவைத் திறந்தாய். கதவு திறந்தால் மெஷின் நின்றுவிடும் என்று நம்பிக் குனிந்தாய். அது நிற்கவில்லை. நார்மல் என்று நான்தானே சொல்லியிருந்தேன்.

நீ மெயினை அணைக்காததை மூன்று வருஷமாகப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறேன். உன் தப்பும் பாதி இருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். ஒரு நாள்கூட அது போதவில்லை.

விசாரணையில் ஒயரைப் போட்டது நீ என்று எப்படி ஆனது தெரியுமா? யாரும் பொய் சொல்லவில்லை. என்னைக் கேட்டார்கள், முதல் ஷிஃப்ட் எப்படி இருந்தது என்று. லாக் புத்தகத்தில் இருப்பதைச் சொன்னேன். அது போதுமாக இருந்தது. முந்தின நாளே இன்சார்ஜ் என்னை டீக்கடைக்கு அழைத்துப் போயிருந்தார். "போனவன் திரும்பி வரப்போறதில்ல. நீயும் உள்ள போகணுமா? உனக்கும் குடும்பம் இருக்குல்ல" என்றார். என் கஷ்டத்தில் பங்கெடுக்கிறவர் மாதிரி தோளில் கை வைத்தார். அவர் பைபாஸ் போடச் சொன்னது எனக்கு மட்டும்தான் தெரியும், நான் போட்டது அவருக்கு மட்டும்தான் தெரியும். டைப் அடித்த மூன்று பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். உன் மஞ்சள் ஒயரும் அட்டையும் மெயின்டனன்ஸில் எல்லோருக்கும் தெரியும். படத்தைப் பார்த்ததுமே அவர்களுக்குப் புரிந்திருக்கும். ஒருத்தன் வாய் திறக்கவில்லை. அவனவன் பையில் அவனவன் ஒயர் இருந்தது.

பவித்ரா இதையெல்லாம் கேட்டு முடிக்கும்வரை முக்காலியிலிருந்து அசையவில்லை. அழவும் இல்லை. வாசலில் நின்றிருந்த செல்விதான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பவித்ரா நூலை அவிழ்த்து, சீட்டை எடுத்து, அதிலிருந்த பஞ்சை ஊதித் துடைத்தாள். ஒயரை என் பக்கம் தள்ளினாள்.

"எங்கப்பாவ நான் திட்டியிருக்கேன் மாமா. தெனமும் பஸ்ல வரும்போது மனசுக்குள்ள திட்டியிருக்கேன். இவ்வளவு தெரிஞ்ச மனுஷன் இப்படிப் பண்ணிட்டுப் போயிட்டியேன்னு" என்றாள். முக்காலியிலிருந்து எழுந்து, "நான் சாப்பிடும்போது நீங்க எதிர்ல உக்காந்துதான சாப்பிட்டீங்க" என்றாள்.

தப்பித்த சட்டையை அரை ஈரமாகவே பையில் திணித்துக்கொண்டு கிளம்பினாள். தூறலில் பஸ் ஸ்டாண்டு வரை செல்வி குடை பிடித்துக்கொண்டு கூடவே போனாள். திரும்பி வந்து, "எனக்காச்சும் சொல்லியிருக்கலாம்ல. நான் என்ன உங்கள விட்டுட்டா போயிருப்பேன்" என்று மட்டும் கேட்டாள். அதன் பிறகு இரண்டு வாரம் சாப்பாட்டைத் தவிர வேறு பேச்சில்லை.

மறுநாள் முதல் திங்கட்கிழமை. கேன்டீனில் உட்கார்ந்திருந்தேன். ஆறாவது படம் வந்தது. பவித்ரா மூன்றாவது வரிசையில் இருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்திருந்தால் நான் எழுந்திருக்க மாட்டேனோ என்னவோ, அது எனக்கே தெரியாது. எழுந்தேன். "அந்த ஒயரைப் போட்டது நான். இறந்தவர் போடல" என்றேன். இன்சார்ஜ் சொல்லித்தான் போட்டேன் என்பதையும் சொன்னேன். அவர் இப்போது மேனேஜர். முன் வரிசையில் அமர்ந்து ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. சேஃப்டி ஆபீசர் மைக்கைத் தட்டி, "உக்காருங்க, இதப்பத்தி அப்புறம் பேசலாம்" என்றார். ஏழாவது படம் வந்தது. ஏணியில் ஏறும்போது இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும் என்றது.

பேசினார்கள். எனக்கு மெமோ கொடுத்தார்கள், எழுதிக் கொடுத்தேன். மறுபடி விசாரணை என்கிறார்கள். வேலை இருக்குமா, போலீஸ் வருமா தெரியாது. மேனேஜருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆகவும் ஆகாது. அவர் சொன்னதற்குச் சாட்சி நான் ஒருவன்தான், என் வார்த்தைக்கு இனி என்ன மதிப்பு. அடுத்த மாத மீட்டிங்கில் ஆறாவது படத்திலிருந்து உன் பெயரை எடுத்துவிட்டார்கள். 'ஒரு ஊழியர்' என்று போட்டிருக்கிறார்கள். ஒரு ஊழியர் பைபாஸ் செய்ததால், ஒரு ஊழியர் உயிரிழந்தார். அவ்வளவுதான் உனக்கு நான் மீட்டுக் கொடுத்தது.

டிரையரைச் சரி செய்துவிட்டேன். அடுத்த ஞாயிறே பெங்களூர் போய்த் தெர்மோஸ்டாட்டும் ஃபியூஸும் வாங்கி வந்தேன். மூன்று வருஷமாக எனக்குப் போக முடியாத கடை, ஒரே பஸ்ஸில் போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டேன். குழாயை மாற்றினேன். இஸ்திரிப் பெட்டியில் வைத்துப் பார்த்தேன், 'டிக்' என்றது. இப்போது ஒழுங்காக ஓடுகிறது. அதில் போட எங்கள் இரண்டு பேர் துணிதான் இருக்கிறது. பவித்ரா யானையோ மழையோ உத்தனப்பள்ளியிலிருந்தே வந்து போகிறாள். உன் வீட்டுக்கு நான் இன்னும் போகவில்லை. உன் மனைவி என்னை அண்ணா என்று கூப்பிடுவாள். அவள் கூப்பிட்டாலும் தாங்காது, கூப்பிடாவிட்டாலும் தாங்காது.

உன் மஞ்சள் ஒயர் என் சட்டைப் பையில் இருக்கிறது. கூடவே இருந்த சாம்பல் ஒயர்களைத் தூக்கிப் போட்டுவிட்டேன். வேலை இருக்கும்வரை ஜம்பர் போடத்தான் சொல்வார்கள், போடத்தான் வேண்டியிருக்கும். போட்டால் மஞ்சளில் போட வேண்டும், சீட்டு கட்ட வேண்டும் என்று நேற்று ஸ்டோர்ஸ் ஜன்னலுக்குப் போனேன். பவித்ராதான் இருந்தாள். அன்றைக்குப் பிறகு முதல் தடவையாக நேருக்கு நேர்.

"என்ன வேணும் சார்?" என்றாள்.

இத்தனை வருஷத்தில் அவள் என்னை சார் என்றதில்லை. "காலி பேரிங் டப்பா இருந்தா ஒண்ணு குடும்மா" என்றேன்.

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. உள்ளே போய்ப் பழைய டப்பா ஒன்றை எடுத்து வந்து ஜன்னலில் வைத்தாள். ரெஜிஸ்டரைத் திறந்து, ஒரு வரி எழுதி, பேனாவோடு என் பக்கம் திருப்பினாள்.

"கையெழுத்துப் போடுங்க சார்."

"காலி டப்பாவுக்கு எதுக்கும்மா கையெழுத்து?"

"யார் எடுத்தாங்கன்னு தெரியணும்ல" என்றாள்.

போட்டேன்.